செயலைக் கடைசியில் சொல்லும் கணிப்பான்

பல ஆண்டுகளுக்கு முன் செய்தி சேகரிக்கப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் சம்பளத் துண்டை நீட்டி, "ஐயா, இது சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். சட்டைப்பையிலிருந்த மலிவுக் கணிப்பானை எடுத்து, எண்கள் இருந்த வரிசையிலேயே தட்டினேன். இலட்சக்கணக்கில் ஒரு தொகை வந்தது. அவர் சிரித்துவிட்டார். எனக்கோ வெட்கம்.

நடந்தது இதுதான். புரிவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். வேலை 22 நாள். நாட்சம்பளம், 2021-இல் வர்த்தமானி வழி வந்த 1,000 ரூபா (பின்னர் அது உயர்ந்துவிட்டது). மேலதிகக் கொழுந்து 15 கிலோ. கிலோவுக்கு 40 ரூபா. சரியான விடை 22,600. ஆனால் 22 × 1000 + 15 × 40 என்று தொடர்ந்து தட்டினால், மலிவுக் கணிப்பான் 22,015-ஐ 40-ஆல் பெருக்கி 8,80,600 என்று காட்டும்.

விலை கூடிய நிதிக் கணிப்பானும் இதற்கு விலக்கல்ல. கணக்கியல் மாணவர் கைகளில் காணப்படும் பிஏ 2 பிளஸ், புதிதாக வாங்கும்போது இதே சங்கிலி முறையில்தான் இருக்கும். அமைப்பை மாற்றினால்தான் பள்ளியில் படித்தபடி பெருக்கலை முதலில் செய்யும்.

1981-இல் வெளிவந்த எச்.பி. 12சி வேறு வழியில் போகிறது. அதில் சமக்குறி விசையே இல்லை. 22, என்டர், 1000, பெருக்கல்: 22,000 தெரியும். 15, என்டர், 40, பெருக்கல்: 600 தெரியும். பிறகு கூட்டல்: 22,600. அடைப்புக்குறி தேவையற்ற இக்குறியீட்டின் மூலத்தைப் போலந்து அறிஞர் லுகாசியேவிச் 1924-இல் சிந்தித்தார். பதுளைக்கு இரயில் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்! அவர் செயற்குறியை முன்னால் வைத்தார். பின்வந்தோர் அதைக் கடைசிக்கு மாற்றினர். அதனால் 'தலைகீழ் போலிஷ் முறை' என்று பெயர்.

உலகம் தலைகீழ் என்கிறது. தமிழனுக்கு அது நேர். "இருபத்திரண்டை ஆயிரத்தால் பெருக்கு, பதினைந்தை நாற்பதால் பெருக்கு, இரண்டையும் கூட்டு" என்றுதானே நாம் சொல்கிறோம்? வினை நமக்குக் கடைசியில்தான் வரும்.

ஆயினும் அந்தக் கணிப்பானை ஒவ்வொரு லயத்துக்கும் வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மலிவுக் கணிப்பானிலேயே 22 × 1000 தட்டி எம்+, 15 × 40 தட்டி எம்+, இறுதியில் எம்ஆர் அழுத்தினால் சரியான விடை வந்துவிடும். பதுளை, அப்புத்தளை, பண்டாரவளைப் பள்ளிகளில் இதைப் பத்து நிமிடத்தில் கற்பித்துவிடலாம்.

நான் கேட்பது வேறு. 12சியின் சிறப்பு அதன் விசைகளில் இல்லை; இடைத்தொகையை ஒளிக்காமல் காட்டுவதில் இருக்கிறது. சம்பளத் துண்டும் அப்படி இருக்கவேண்டும். நாட்கூலி இவ்வளவு, மேலதிகக் கொழுந்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு கழிவும் இவ்வளவு என்று தமிழில் வரி வரியாக எழுதப்படவேண்டும்.

எட்டு இலட்சம் என்று வந்தால் பிழையென்று எவருக்கும் தெரியும். முந்நூறு ரூபா குறைந்து வந்தால்? அந்த அம்மா அன்று கேட்டது அதைத்தான்.