சாம்பாருக்கு ஒரு பாத்திரம்

விடிவதற்கு முன்னால் போடியிலும் கம்பத்திலும் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இடுக்கி மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கையில் தூக்குச்சட்டி இருக்கும். மத்தியானச் சோறும் குழம்பும் அதில் போகும். சாயங்காலம் வெறுஞ்சட்டி வீடு திரும்பும். அதே ரோட்டு ஓட்டலில் நாலு இட்லி பார்சல் கேட்டால் சாம்பாருக்கு ஒரு பை, சட்னிக்கு இரண்டு சின்னப் பை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேரி பேக். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிற இட்லிக்கு நாலு பை.

இத்தனைக்கும் நாம் வாழைக்கு நடுவே இருக்கிறோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று போகிற வழியெல்லாம் வாழைத்தோட்டம். ஆனால் பல கடைகளில் பார்சல் கட்டுகிற மேசையில் இருப்பது, இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் பூச்சுத் தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. கடைக்காரர் சொல்கிற காரணத்தையும் தள்ளிவிட முடியாது. இங்கே திசு வாழைதான் அதிகம், ஜி-9. அதில் தாரின் எடைதான் காசு. இலையை அறுத்தால் தார் சிறுக்கும் என்று விவசாயி கத்தி வைக்க மாட்டார். இலைக்கென்றால் பூவன் மாதிரி ரகத்தைத் தனியாக வைக்க வேண்டும். ஆடிக் காற்று அதையும் கிழித்துப் போடும். முகூர்த்த நாளில் கட்டு விலை கேட்கவே முடியாது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பேராவது இலைக்காகவே வாழை போட்டு, ஓட்டல்காரர்களோடு வருடத்துக்கு ஒரே விலை பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இட்லிக்கு இலை கிடைத்துவிடும். சாம்பாருக்கு? சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. கேரி பேக், உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்ல காரியம். காய்கறி, மளிகைக்கு மஞ்சப்பை போதும். கொதிக்கிற சாம்பாரை அதில் ஊற்ற முடியாதே. அதற்குப் பாத்திரம் வேண்டும்.

கழித்த பை எங்கே போகிறது என்று வயல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். வாய்க்காலில் விழுந்த பை மடையில் வந்து அடைக்கிறது. அங்கே தப்பியது ஆற்றோடு வைகை அணைக்குப் போகிறது. மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், பார்சல் தருகிற உணவகங்கள் திருப்பித் தரக்கூடிய பாத்திரத்திலும் தந்தாக வேண்டும் என்று சட்டம். சின்னக் கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் உணவு தர மாட்டேன் என்று அவர்களும் சொல்ல முடியாது. அவ்வளவு தூரம் போவானேன்? உயர் நீதிமன்றம் சொல்லி 2022-இல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். காட்டில் வீசி உடைத்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பாட்டிலுக்கு முடிந்தது எவர்சில்வர் தூக்குக்கு முடியாதா? கடையிலேயே பத்து இருபது தூக்கு வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

நாமே பாத்திரம் கொண்டுபோனால் வருகிற சங்கடம் வேறு. தூக்கைப் பார்த்ததும் இவ்வளவு பெரிதா என்று கடைக்காரர் மலைக்கிறார். அளவு குறைத்துவிடுவாரோ என்று நமக்குச் சந்தேகம். இட்லி நாலுக்குச் சாம்பார் இத்தனை கரண்டி என்று எழுதிப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே எழாது. பார்சலுக்கென்று தனியாகக் காசு வாங்குகிற கடைகள், பாத்திரம் கொண்டுவருகிறவரிடம் அதை வாங்கக் கூடாது. 2019-இல் தடை வந்த புதிதில் சில உணவகங்கள் இப்படித் தள்ளுபடி கொடுக்கவும் செய்தன.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இரவு பகலாக இந்த ரோட்டில் வரும், பார்சலும் பல மடங்கு பெருகும். அதற்கு முன்னால் தேனி முதல் கூடலூர் வரை ஓட்டல்காரர்களை நகராட்சிகள் கூப்பிட்டுப் பேச வேண்டும். கரண்டி அளவும் தூக்கு முன்பணமும் எல்லாக் கடையிலும் ஒன்றாக இருக்கட்டும். கம்பத்தில் வாங்கிய தூக்கைத் தேனியில் கொடுத்துப் பணம் வாங்க வழி செய்யட்டும்.