கோடி கோடியாய்ச் சம்பளம். கோப்பை தந்தது சுளுக்கிய கால்!

70 கோடி டாலர்!

ஒரே ஓர் ஆட்டக்காரருக்கு இந்தத் தொகையைத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது, அமெரிக்காவில் உள்ள ஒரு பேஸ்பால் கோஷ்டி. அன்றைய மதிப்பில் இது சுமார் 5,800 கோடி ரூபாய்.

கோஷ்டியின் பெயர் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். ஆட்டக்காரர், ஜப்பானைச் சேர்ந்த ஷோஹேய் ஒஹ்தானி. ஒப்பந்தம் நடந்தது 2023 டிசம்பரில்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அதே மாதத்தில் யோஷினோபு யமமோட்டோ என்ற இன்னொரு ஜப்பானியரையும் பிடித்தார்கள். அவர் பந்து வீச்சாளர். 12 ஆண்டுகளுக்கு 32½ கோடி டாலர். அமெரிக்க லீகில் அவர் அதுவரை ஒரு பந்துகூட வீசியதில்லை!

மற்ற ஊர் ரசிகர்கள் பொருமினார்கள். காசைக் கொட்டிக் கோப்பையை வாங்கப் பார்க்கிறார்கள் என்று ஏசினார்கள். உண்மையில் கோப்பையை விலைக்கு வாங்க முடியுமா? 2024-ஆம் ஆண்டின் ஆட்டங்கள் அதற்குப் பதில் சொல்லின. ஆனால், யாரும் எதிர்பார்த்த பதில் அல்ல அது.

இது என்ன ஆட்டம்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பால் சுலபமாகப் புரியும். மட்டை உருண்டையாக இருக்கும். பந்து தரையில் குத்தி எழும்பாது. நேரே பறந்து வரும். மைதானத்தில் சதுரமாக நான்கு மூலைகள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி. மூலைக்குப் 'பேஸ்' என்று பெயர். நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம்.

பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் 'ஹோம் ரன்'. அடித்தவரும் வீடு திரும்பலாம். ஏற்கெனவே மூலைகளில் நிற்பவர்களும் திரும்பலாம். மூன்று மூலைகளிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் அடித்தால் ஒரே அடியில் நான்கு ஓட்டம். அதற்குக் 'கிராண்ட் ஸ்லாம்' என்று பெயர்.

மூன்று பேர் அவுட் ஆனால் மட்டை எதிர்க் கோஷ்டியின் கைக்குப் போய்விடும். இப்படி ஒன்பது சுற்று. சமமாக இருந்தால் ஒரு முடிவு தெரியும் வரை ஆட வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பந்து வீச்சாளர் அசந்திருக்கும் நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிடலாம். இதைத் 'திருட்டு' என்றே சொல்கிறார்கள். திருடினால் கைதட்டும் இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

மொத்தம் 30 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஆறு மாதத்தில் 162 ஆட்டம். பிறகு முன்னணிக் கோஷ்டிகள் மட்டும் மோதும். கடைசிப் பந்தயத்துக்கு 'உலகத் தொடர்' என்று பெயர். 29 கோஷ்டிகள் அமெரிக்காவிலும் ஒன்று கனடாவிலும் இருந்தாலும் பெயர் என்னவோ உலகத் தொடர்தான். அதில் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை.

ஆறாத புண்

டாட்ஜர்ஸ் கோஷ்டிக்கு ஒரு புண் இருந்தது. 2022-ல் 111 ஆட்டம் ஜெயித்தார்கள். 2023-ல் 100 ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டு தடவையும் கடைசிக் கட்டத்தின் முதல் மோதலிலேயே தோற்று வீட்டுக்குப் போனார்கள்.

2020-ல் கோப்பை கிடைத்தது உண்மை. ஆனால் அது கொரோனா ஆண்டு. 162 ஆட்டத்துக்குப் பதில் 60 ஆட்டமே நடந்தது. அது அரைக் கோப்பைதான் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். முழு ஆண்டு ஆடி வாங்கிய கோப்பை என்றால் 1988-க்குப் போக வேண்டும். பணத்தை வாரி இறைத்ததற்குக் காரணம் இந்தப் புண்தான்.

கூட இருந்தே குழி

2024 மார்ச்சில் முதல் இரண்டு ஆட்டங்கள் தென் கொரியாவின் சியோல் நகரில் நடந்தன. முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் ஜெயித்தது. ஆனால், அடுத்த நாளே குண்டு வெடித்தது போல ஒரு செய்தி!

ஒஹ்தானிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் இப்பே மிசுஹாரா. நிழல் போலக் கூடவே இருந்தவர். அவர் சூதாட்டத்தில் விழுந்து, ஒஹ்தானியின் பாங்குக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலரை எடுத்திருந்தார்! கோஷ்டி அவரை உடனே விலக்கியது. பின்னர் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். 2025 பிப்ரவரியில் 57 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கிலீஷ் சரளமாக வராத ஊரில், தன் வாயாக இருந்தவரே தன்னைக் கொள்ளையடித்தால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? அந்த நிலையில்தான் ஒஹ்தானி மட்டையைக் கையில் எடுத்தார்.

50-50

ஒஹ்தானி மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். பேஸ்பாலில் இப்படி இரண்டிலும் சிறந்தவர் அபூர்வம். ஆனால் 2023 செப்டம்பரில் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆகவே 2024-ல் அவரால் பந்து வீச முடியாது. 70 கோடி டாலர் ஆள், பாதி ஆள்தான்!

அந்தப் பாதி ஆள் என்ன செய்தார் தெரியுமா?

ஒரே ஆண்டில் 50 ஹோம் ரன் அடித்து 50 திருட்டும் செய்தவர் அதுவரை எவருமில்லை. பலசாலிக்கு ஓட்டம் வராது, ஓடுகிறவனுக்குப் பலம் போதாது என்பதுதான் கணக்கு. செப்டம்பர் 19-ந் தேதி மயாமி நகரில் அந்தக் கணக்கு உடைந்தது. அன்று ஆறு தடவை மட்டை பிடித்தார். ஆறு தடவையும் அடி! அதில் மூன்று ஹோம் ரன். இரண்டு திருட்டு. அவர் அடியால் வந்த ஓட்டம் மட்டும் 10.

ஐம்பதாவது ஹோம் ரன் பந்து பிறகு ஏலத்தில் சுமார் 44 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஆண்டு முடிவில் அவர் கணக்கு: 54 ஹோம் ரன், 59 திருட்டு.

ஆள் ஆளாய் விழுந்தார்கள்

மற்றவர்கள் கதை வேறு. பந்து வீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள். டைலர் கிளாஸ்னோவுக்கு முழங்கை. கேவின் ஸ்டோனுக்குத் தோள். கோஷ்டியின் மூத்த நட்சத்திரம் கிளேட்டன் கெர்ஷாவுக்குக் கால் பெருவிரல். நட்சத்திர மட்டையடிக்காரர் மூக்கி பெட்ஸுக்கு ஜூன் மாதத்தில் பந்து பட்டுக் கை எலும்பு முறிந்தது. ஆகஸ்டு வரை வரவில்லை.

அப்படியும் 162-ல் 98 ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசிக் கட்டம் வந்தபோது முழு ஆட்டத்தைத் தாங்கக்கூடிய பந்து வீச்சாளர்கள் மூன்றே பேர்தான் மிச்சம். சான் டீகோ கோஷ்டியுடன் மோதியபோது, இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் வீடு என்ற நிலைமை. மானேஜர் டேவ் ராபர்ட்ஸ் ஒரு யுக்தி செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக எட்டுப் பேரை மாற்றி மாற்றிப் பந்து வீச வைத்தார். எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. 8-0!

அடுத்து நியூயார்க் மெட்ஸ். அதில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் டாமி எட்மன். ஜூலைக் கடைசியில் வேறு கோஷ்டியிலிருந்து மாற்றி வாங்கப்பட்டவர். வாங்கிய அன்று அவரும் காயத்தில்தான் இருந்தார்!

ஒரு தகப்பனின் ஆண்டு

இனிப் பிரெடி பிரீமனைப் பார்க்க வேண்டும். வயது 35. முதல் மூலையைக் காப்பவர்.

ஜூலைக் கடைசியில் அவருடைய மூன்று வயது மகனுக்குத் திடீரென்று கால்கள் செயல் இழந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் 'கில்லன் பாரே' என்ற நோய். மூச்சு விடவும் கருவியின் துணை வேண்டியதாயிற்று. பிரீமன் ஆட்டத்தை விட்டுவிட்டு மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். எட்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. பிள்ளை தேறினான். தகப்பனார் திரும்பி வந்த அன்று, மைதானத்தில் இருந்த ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரீமன் தேம்பினார்.

துன்பம் விடவில்லை. செப்டம்பர் 26-ந் தேதி ஓடும்போது வலது கணுக்கால் சுளுக்கி வீங்கியது. பிறகு விலாவிலும் அடி. அங்கே குருத்தெலும்பு முறிந்தது. கடைசிக் கட்டத்தில் சில ஆட்டங்களில் உட்கார்ந்தே இருந்தார். ஆடிய ஆட்டங்களிலும் ஒரு ஹோம் ரன்கூட வரவில்லை. உலகத் தொடர் தொடங்கும்போது பத்திரிகைகள் எல்லாம் ஒஹ்தானியைப் பற்றியும், எதிர்க் கோஷ்டியான நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜைப் பற்றியுமே எழுதின.

முதல் பந்தே!

2024 அக்டோபர் 25. லாஸ் ஏஞ்சல்ஸ் மைதானம்.

ஒன்பது சுற்று முடிந்தது. சமம். பத்தாவது சுற்றில் யாங்கீஸ் 3-2 என்று முந்தியது. டாட்ஜர்ஸின் முறை. இரண்டு பேர் மூலைகளில் நின்றார்கள். ஒஹ்தானி வந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் அவுட்!

இப்போது இரண்டு அவுட். இன்னும் ஒன்று போனால் தோல்வி. அடுத்து மூக்கி பெட்ஸ். யாங்கீஸ் ஒரு கணக்குப் போட்டது. பெட்ஸுக்குப் பந்து வீசாமலே, வேண்டுமென்றே அவரை முதல் மூலைக்கு அனுப்பியது. அடுத்து வருகிறவர் கால் சுளுக்கிய பிரீமன்தானே!

பந்து வீச வந்திருந்தவர் நெஸ்டர் கோர்டெஸ். அவரும் காயத்திலிருந்து எழுந்து வந்தவர்தான். ஐந்து வாரமாக எந்த ஆட்டத்திலும் வீசவில்லை.

முதல் பந்து வந்தது. பிரீமன் அடித்தார். அடித்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. மட்டையை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்தார். பந்து வேலி தாண்டி ரசிகர் கூட்டத்தில் விழுந்தது. கிராண்ட் ஸ்லாம்! 6-3!

உலகத் தொடர் 1903-ல் தொடங்கியது. ஒரு கிராண்ட் ஸ்லாம் அடியோடு ஆட்டம் முடிந்தது அதுவரை ஒரு தடவைகூட இல்லை.

நான்கு மூலைகளையும் சுற்றி வந்த பிரீமன், நேரே வலைக்குப் பின்னால் இருந்த தகப்பனாரிடம் ஓடினார். வலைக் கம்பிகள் நடுவில் இருக்க இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். பிரீமனுக்கு 10 வயதாக இருக்கும்போதே தாயார் தோல் புற்றுநோயால் இறந்துவிட்டார். சிறு வயது முதல் மகனுக்குப் பந்து போட்டுப் பழக்கியவர் அந்தத் தகப்பனார்.

அடுத்த மூன்று ஆட்டங்களிலும் பிரீமன் ஹோம் ரன் அடித்தார். ஒஹ்தானி? இரண்டாவது ஆட்டத்தில் திருடப் போய்த் தோள் மூட்டு நழுவியது. அந்தத் தொடரில் அவருக்கு ஒரு ஹோம் ரன்கூட இல்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் 5-0 என்று முந்தியிருந்தது. அந்த ஆண்டு 58 ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜ், சுலபமான ஒரு பந்தைக் கை நழுவ விட்டார். அதிலிருந்து தவறு மேல் தவறு. ஒரே சுற்றில் 5-5. கடைசியில் 7-6 என்று டாட்ஜர்ஸ் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. தேதி அக்டோபர் 30.

பணத்தின் பங்கு என்ன?

சுளுக்கிய கால் கோப்பை தந்தது என்பது உண்மை. ஆனால் பணத்துக்கு இதில் வேலையே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பிரீமனும் ஏழையல்ல, ஆறு ஆண்டுக்கு 16 கோடியே 20 லட்சம் டாலர் அவருடைய ஒப்பந்தம். பத்துப் பேர் விழுந்தால் பதினொன்றாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வசதி வேண்டும். சிறிய ஊர்க் கோஷ்டிக்கு இரண்டு பேர் விழுந்தாலே ஆண்டு முடிந்தது. பணம் வாங்கித் தந்தது கோப்பையை அல்ல. விழுந்த பிறகும் எழுந்து நிற்கும் வசதியை.

பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. அளவுக்கு மேல் செலவு செய்தால் அபராத வரி மட்டும் உண்டு. 2024-க்காக டாட்ஜர்ஸ் கட்டிய வரியே 10 கோடியே 30 லட்சம் டாலர்!

ஒஹ்தானியின் ஒப்பந்தத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர் ஆண்டுக்கு வாங்கிக்கொள்வது 20 லட்சம் டாலர்தான். மிச்சம் 68 கோடியையும் பிறகு, வட்டி இல்லாமல் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். கையில் இருக்கும் பணத்தை வைத்து மற்ற நல்ல ஆட்டக்காரர்களைக் கோஷ்டி சேர்க்கட்டும் என்பது எண்ணம். சட்டப்படி இதில் தவறு இல்லை. ஆனால் 68 கோடிக்கு நாள் சொல்லிக் கடன் வைக்க எத்தனை கோஷ்டிகளால் முடியும்?

2025-ல் டாட்ஜர்ஸ் மறுபடியும் கோப்பை வாங்கியது. கனடாவின் டொரண்டோ கோஷ்டியை 4-3 என்று வென்றது. ஏழாவது ஆட்டம் பதினோரு சுற்று வரை இழுத்தது. அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர், ஒரு பந்துகூட வீசாமல் 32½ கோடி வாங்கியவர் என்று ஏசப்பட்ட அதே யமமோட்டோ!

முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள உடன்படிக்கைக்குக் கெடு 2026 டிசம்பர் 1. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் தரப்பில் பலர் கேட்கிறார்கள். சங்கம் பல ஆண்டுகளாக அதை எதிர்த்து வந்திருக்கிறது.

ஒஹ்தானியின் பாக்கிப் பணம் 2034 முதல் 2043 வரை, ஆண்டுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலராக வந்து சேர வேண்டும். முதல் தவணை வாங்கும் ஆண்டில் அவருக்கு வயது 40.