ஆபத்து விற்கும் கடையும் ஆபத்தில் வாழும் மலையும்

ஆபத்தும் இப்பொழுது விற்பனைப் பண்டமாகிவிட்டது. கண்களை முற்றாக மூடிக்கொள்ளும் கருவியொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும். இருந்த அறை மறைந்து வேறோர் உலகம் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. திரும்பிப் பார்த்தால் முதுகுப்புறத்திலும் அந்த உலகமே தெரிகிறது. கையை நீட்டினால் அங்கேயும் ஒரு கை நீள்கிறது. அந்தக் கையிலே ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. மெய்நிகர் விளையாட்டு என்று இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். இவ்வகையில் இளைஞர் பெரிதும் விரும்புவன 'உயிர்பிழைக்கும்' விளையாட்டுகள். எதிரே வருபவனைச் சுடுவது அவற்றிலே பாதி வேலைதான். நிலத்திடமிருந்தும் காற்றிடமிருந்தும் இருளிடமிருந்தும் தப்புவது மறுபாதி.

எஸ்தோனிய நாட்டு நிறுவனமொன்று 2020 இல் வெளியிட்ட 'இன்டு த ரேடியஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பெச்சோர்ஸ்க் என்றொரு கற்பனைப் பிரதேசம். மனிதர் விட்டோடிய வெளி. அங்கே கண்ணுக்குப் புலனாகாத பொறிகள் நிலத்தில் பரவிக் கிடக்கின்றன. தவறிக் கால்வைத்தவன் மாண்டான். ஆகவே ஆட்டக்காரன் கையிலுள்ள எதையேனும் முன்னே வீசி, அது என்னவாகிறது என்று கண்ட பின்னரே அடியெடுத்து வைக்கிறான். அவனுக்குப் பசிக்கிறது, டப்பாவைத் திறந்து உண்கிறான். அங்கே கிடைக்கும் அபூர்வப் பொருள்களைப் பொறுக்கி விற்று, அந்தப் பணத்தில் ரவைகளும் நல்ல துப்பாக்கியும் வாங்குகிறான். இறந்துபோனாலோ, முன்னர் பதிந்துவைத்த இடத்திலிருந்து மறுபடியும் எழுந்து நடக்கிறான்.

இத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்யவேண்டும் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. கூத்தையும் நாடகத்தையும் சினிமாவையும் ஒவ்வொரு காலத்தில் இப்படித்தான் பெரியவர்கள் தடைசெய்யச் சொன்னார்கள். அச்சத்தைப் பாதுகாப்பாக அனுபவித்துப் பார்ப்பதில் மனிதனுக்கு என்றைக்கும் ஒரு சுவை உண்டு. அதனைக் குற்றமென்று கூறமாட்டோம். நாம் எதிர்ப்பது வேறொன்றை. இந்த விளையாட்டுகளின் உள்ளே ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: உயிர்பிழைப்பது தனிமனிதனின் திறமை; செத்தவன் கவனக்குறைவானவன். இந்தத் தத்துவம் விளையாட்டோடு நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். அது நமது மலைநாட்டு மனிதர்களைப் பற்றிப் பேசும் நாவுகளிலும் வந்து குடியேறிவிட்டது.

இதன் மூலத்தை முதலில் பார்ப்போம். சோவியத் எழுத்தாளரான அர்க்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972 இல் வெளியிட்ட 'சாலையோரச் சிற்றுண்டி' என்ற நாவலே இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன். வேற்றுக்கிரகத்தார் வந்துபோன இடம் ஒரு கொலைநிலமாகிக் கிடக்கிறது. உள்ளே நுழைவது சட்டவிரோதம். எனினும் சிலர் இரவில் நுழைகின்றனர். இரும்புத் திருகுகளை முன்னே எறிந்து வழிபார்த்து, பொருள்களைத் திருடிவந்து விற்கின்றனர். அவர்களில் ஒருவனுக்கு அந்நிலத்துக் கூழ் பட்டு இரண்டு கால்களும் எலும்பற்றுப் போகின்றன. ஏன் போனார்கள்? குடும்பத்துக்குச் சோறு வேண்டும். பொருளை வாங்க வெளியே முதலாளிகள் காத்திருக்கின்றனர். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1979 இல் தார்க்கோவ்ஸ்கி அதனைத் திரைப்படமாக்கினார். 1986 இல் செர்னோபில் அணுஉலை வெடித்து, மனிதர் வாழக்கூடாத வட்டமொன்று நிஜமாகவே உண்டாயிற்று. 2007 இல் உக்ரேனிய நிறுவனமொன்று இரண்டையும் கலந்து விளையாட்டாக்கிற்று. இவ்வாறு கைமாறி வந்ததில் திருகை எறிவது நிலைத்தது. பொருளை விற்பதுங்கூட நிலைத்தது. வீட்டிலே காத்திருக்கும் குழந்தை மட்டும் காணாமற்போயிற்று. துணிவு எஞ்சியது, தேவை மறைந்தது என்பதே இதன் சுருக்கம்.

இனி நமது நிலத்துக்கு வருவோம். நானுஓயாவுக்குப் புகையிரதம் 1885 இல் வந்து சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு மீற்றருக்கு மேலே நிற்கும் அந்த நிலையத்தில் இன்று இறங்குவோரிற் பெரும்பாலோர் நுவரெலியாவுக்குக் குளிர்காணப் போகும் உல்லாசப் பயணிகள். மேகம் படிந்த தேயிலை மலையைப் படம் பிடிக்கின்றனர். படத்தின் ஓரத்திலே தகரக்கூரையோடு ஒரு லயம் விழுந்தால், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது! அந்தக் கூரைக்கு மேலே உள்ள சரிவு எத்தகையது, அதற்குள் எவ்வளவு நீர் இறங்கியிருக்கிறது என்பதைப் படம் காட்டுவதில்லை. இந்நாட்டின் சரிவு தன் குணத்தை மறைப்பதுமில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி, நானுஓயா ரதல்ல குறுக்குவழியில், கொழும்பிலிருந்து மாணவரை ஏற்றிவந்த பஸ் வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி ஏழுபேர் மாண்டனர். வந்து போகிறவனுக்கு ஒருநாள் ஆபத்து. அங்கேயே குடியிருப்பவனுக்கு ஆயுள்முழுவதும்.

விளையாட்டு இயற்றுவோரிடம் ஒரு தொழில்தர்மம் இருக்கிறது. பொறி கொல்லுமுன் ஏதேனும் ஒரு குறிகாட்டவேண்டும்: ஓர் ஓசை, காற்றில் ஒரு நடுக்கம், புல்லில் ஒரு நிறமாற்றம். குறியின்றிக் கொன்றால் 'இது அநியாயம்' என்று ஆட்டக்காரர் கூச்சலிடுவர், நிறுவனமும் திருத்திக்கொடுக்கும். மலையிலும் குறி உண்டு. சுவரில் புதிய வெடிப்பு. சாய்ந்து நிற்கும் மரம். காய்ந்திருந்த இடத்தில் திடீரென ஊற்று. தெளிந்தோடிய ஓடையில் சேறு. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவற்றுக்கு மேலே அளவுகோலும் வைத்திருக்கிறது. 24 மணிநேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழித்திரு. 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகு. 150 ஐக் கடந்தால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 பெய்தால், வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆனால் வெளியேறி எங்கே போவது? அதனை அளந்து சொல்ல எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் போயிருந்த குழந்தைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. உடல்கள் பல மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. உடனே பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஒரு வாசகம் கிளம்பிற்று: 'சொல்லியும் அவர்கள் போகவில்லை.' எவ்வளவு வசதியான வாசகம்! குறியைக் கண்டும் கால்வைத்தான், செத்தான். விளையாட்டின் தத்துவம் அப்படியே. பிழைத்தவர்களோ கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மாதக்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். சாவதற்கு முன் மாற்றிடம் கொடுக்க முடியாத நாட்டுக்குச் செத்தபின் இடம் தேட நெடுங்காலம் பிடித்தது.

போகாததற்குக் காரணம் பிடிவாதமா, அறியாமையா? சரித்திரத்தைக் கேட்போம். 1948 இன் சட்டம் இம்மக்களின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1964 இன் ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. கடைசி மனிதனுக்கும் பிரசாவுரிமை என்ற சட்டம் 2003 இல்தான் வந்தது. நாடில்லாதவனுக்கு யார் காணி கொடுப்பர்? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களைத் துரைமாரிடமிருந்து அரசுக்கு மாற்றிற்று. உழைத்தவனுக்கு ஒரு முழம் மாறவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. காம்பராவும் அதனோடு போயிற்று. தோட்டத்திலே வேலை இருந்தால் காம்பரா உண்டு. காம்பராவை விட்டால் பெரட்டில் பெயரில்லை என்ற நிலையில், ஒரு குடும்பம் எந்த முகவரிக்கு வெளியேறும்? ஊராட்சிக்காவது முறையிடலாம் என்றால், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளை எட்டத்தில் நிறுத்தி வைத்தது. வாக்குமட்டும் போடலாம், சபையின் பணம் லயத்து வாசலுக்கு வராது. அந்த வேலி 2018 இல்தான் திருத்தப்பட்டது. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டம் தொடங்கியிருக்கிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் திட்டத்தின் நடையும் மழையின் நடையும் ஒன்றல்ல.

2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் வந்தபோது இது மறுபடியும் நிரூபணமாயிற்று. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் பெரும்பலி கொண்டன. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்து தொங்கிற்று. சிவப்பு அறிவித்தல்கள் வந்தன. மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினர். மழை விட்டதும், அதே சரிவின் கீழே அதே காம்பராவுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி எத்தனை பேருக்கு இருந்தது? இதைப் பார்த்து, 'எத்தகைய தாங்குசக்தி!' என்று வியக்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். தாங்குசக்தி என்ற சொல்லை நாம் சந்தேகிக்கிறோம். அது அடிபடுபவனைப் புகழ்கிறது. அடியைப் பற்றிப் பேசுவதில்லை.

'இயற்கையின் சீற்றத்துக்கு யாரைக் குறைகூறுவது?' என்பர் சிலர். மழை இயற்கைதான். ஆனால் அச்சரிவிலிருந்த காட்டை வெட்டிக் கோப்பியும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையும் நட்டது இயற்கையன்று. துரையின் பங்களாவை உறுதியான மேட்டிலும், லயங்களைப் பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத பள்ளத்திலும் சரிவிலும் கட்டியது இயற்கையன்று. அந்தக் காலத்துத் துரைமார் கருணையாளரல்லர். ஆனாலும் மண் போனால் தேயிலை போகும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். அதனால் மலைதோறும் கான் வெட்டி, தூர்ந்த கானை வாருவதற்கென்றே ஆள் விட்டார்கள். கான் தூர்ந்தால் மழைநீர் ஓடாது, மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் பாறையின்மேல் தங்கி, மேல்மண்ணைப் பளுவாக்கி வழுக்கிவிடும். கான்வாரும் கூலியைச் செலவுப்பட்டியலில் வெட்டுகிறவன் வெட்டுவது எதனை என்பது இப்பொழுது விளங்கும்.

மண்சரிவு ஆண்டுக்கொரு முறை பத்திரிகையில் வரும். நாள்தோறும் நேரும் ஆபத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. புல்லுவெட்டு நின்று காடேறிய மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்ணின் தலைக்கு மேலே குளவிக்கூடு தொங்குகிறது. காற்று அசைத்தாலோ பருந்து தொட்டாலோ கூடு கலைகிறது. படங்கு கட்டிய இடுப்போடு, செங்குத்தான சரிவில், தேயிலைத் தூர்களுக்கிடையே அவள் எவ்வளவு தூரம் ஓடமுடியும்? கொட்டுப்பட்டு இறந்த தொழிலாளர் பலர். பிழைத்தவள் வைத்தியசாலையிலிருந்து திரும்பியதும் கேட்கும் முதற்கேள்வி, அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதே. மழைக்காலத்தில் அட்டை, அதை ஆபத்தென்று சொன்னால் அவளே சிரிப்பாள். சில மலைகளில் சிறுத்தை. மருந்தடிக்கிறவனின் முகத்தில் பெரும்பாலும் கட்டியிருப்பது ஒரு துணிதான். விளையாட்டிலோ வாங்கத்தக்க சாமான்களில் நச்சுக்காற்றுமூடியும் ஒன்று!

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஒக்டோபரில் சந்தைக்கு வந்த மலிவான மெய்நிகர் கருவியொன்றின் விலை அமெரிக்காவில் 299 டொலர். அன்றைய மாற்றுவிகிதத்தில் ஏறத்தாழ 88,000 ரூபா. அதே ஆண்டில் வர்த்தமானியில் வந்த தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபா. வரியும் கப்பற்கூலியும் சேர்க்காமலே 65 நாள் உழைப்பு. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், வரவுக்கான படியையும் சேர்த்து நாளொன்றுக்கு 1750 என்றது. அப்படியானாலும் 50 நாள். ஆபத்திலே வாழ்பவள் ஐம்பது நாள் பட்டினி கிடந்தால், ஆபத்தை அனுபவித்துப் பார்க்கும் கருவியை வாங்கலாம்.

தொழிற்சங்கங்களிடமும் நமக்கொரு வழக்கு உண்டு. ஆண்டாண்டாகச் சம்பளத்தையே பேசி வந்தார்கள். சம்பளம் பேசப்படவேண்டியதே. ஆனால் கூட்டொப்பந்த மேசையிலே கான்வாருவதற்கு எத்தனை ஆள், குளவிக்கூடு கண்ட மலையில் வேலையை நிறுத்த யாருக்கு அதிகாரம், சிவப்பு அறிவித்தல் வந்த நாளுக்குப் பேர் உண்டா இல்லையா என்ற கேள்விகள் சம்பளத்தின் அருகே சமமாய் அமர்ந்ததுண்டா? அறிவித்தல் வந்த நாளில் முழுப்பேர் உறுதியென்றால், சரிவின் கீழேயுள்ள குடும்பம் வெளியேறத் தயங்குமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். அபாய வலயமென்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு லயத்தின் பெயரும், அதற்கென ஒதுக்கிய மாற்றுக்காணியின் அளவும் தமிழில் எழுதப்பட்டுப் பெரட்டுக்களத்தில் ஒட்டப்படவேண்டும். காணியின் உறுதி குடும்பத்தின் பெயரில் இருக்கவேண்டும். வேலையோடு முடிச்சுப் போடக்கூடாது. தூர்ந்த கான்கள் ஒக்டோபர் மழைக்கு முன்னர் வாரப்படவேண்டும். வாரியதா இல்லையா என்பதைத் தோட்டத்துரையின் கணக்கேட்டை மட்டும் நம்பாது, பிரதேச சபை மலையேறிச் சென்று பார்க்கவேண்டும். 2018 இன் திருத்தத்துக்குப் பின்னர், 'எமக்கு அதிகாரமில்லை' என்று சபையால் கைவிரிக்க முடியாது.