ஆற்றுப்படுத்துவோர் அருகிலிருந்தே வரவேண்டும்

2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் மாணவர் மனநலத்துக்கெனப் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. நூறு பேருக்குக் குறையாமல் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும் என்றது. நூறுக்குக் குறைந்தால்? வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொண்டால் போதுமாம்.

ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் அத்தொடர்பு சுவரில் ஒட்டிய தொலைபேசி எண்ணாகவே எஞ்சும். ஆசிரியர் முன் வாய்திறக்கவே அஞ்சும் பிள்ளை அந்த எண்ணை அழைக்குமா என்று கேட்கிறோம்.

"படித்தவர்கள் கிராமத்துக்கு வரமாட்டார்கள்" என்பது வழக்கமான சமாதானம். இதைப் புதுக்கோட்டையில் சொல்லலாகாது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவித்தவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்களே. வல்லுநர் வரட்டும் என்று காத்திருந்திருந்தால் 1992இல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பு வந்திராது.

எழுத்து வேறு, மனம் வேறு என்பார்கள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. உளவியல் வல்லுநரல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர் தரும் துன்பமும் குறைந்தன. அதே பணியை ஆசிரியர்களிடம் ஒப்படைத்த பள்ளிகளில் பயன் தென்படவில்லை.

ஆகவே, தேர்தல் பணிக்கும் எமிஸ் பதிவுக்கும் நடுவே ஆசிரியருக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்து 'ஆலோசகர்' என்று பெயர்சூட்டும் ஏற்பாட்டை நாம் ஏற்கவில்லை. ஒன்றியந்தோறும் ஆர்வமுள்ள ஆசிரியர் சிலரைக் கற்பித்தலிலிருந்து விடுவித்து, ஓராண்டு பயிற்சியளித்து, சில பள்ளிகளுக்கு முழுநேரப் பொறுப்பாக்குக. மனநல மருத்துவர் மேற்பார்வை அவர்களுக்கு வேண்டும். தம்மால் இயலாததை உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் தெளிவும் வேண்டும்.

உள்ளூர்க்காரரிடம் இரகசியம் நிற்குமா, சாதி குறுக்கிடாதா என்னும் ஐயம் நியாயமானது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வெளிவந்த மாவட்டமல்லவா இது! ஆகவே சொந்த ஊரிலன்றி அடுத்த ஒன்றியத்தில் பணி தரவேண்டும். சாதி குறித்த தன்னாய்வு பயிற்சியின் முதற்பாடமாகவேண்டும்.

பயிற்சி தமிழில் நடக்கட்டும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தவர் தொல்காப்பியர். நம் பிள்ளைகள் 'டிப்ரஷன்' என்று வந்து சொல்வதில்லை. "வயித்த வலிக்குது சார்" என்கிறார்கள். அதைக் கேட்டுப் பழகிய காதுகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.