திறப்பதும் மூடுவதும்

தோழரே! நெய்யூரிலே ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை அரசுப் பணி நாடித் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கிறான். பிறந்த நாள், சாதிச் சான்று, முகவரி, கைபேசி எண் அத்தனையும் ஒப்படைக்கிறான். நம்பி ஒப்படைத்தானேயன்றி, ஊரறியப் பறையறைய அல்ல!

மதிப்பெண்ணும் தரவரிசையும் மறைவாக இருக்கட்டும் என்கிறோமா? இல்லை! 2019இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்வில், முன்னிலை பெற்றோர் பலர் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியோர் என்பதைத் தரவரிசை காட்டியதால்தானே ஐயம் எழுந்தது! 2020இல் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

ஆனால், கைபேசி எண் கண்டவர் கைக்கு ஏன்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்தனர். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. அச்சட்டம் மோசடிக்குத் திரையாகவும் கூடாது. ஏட்டுச் சுரைக்காயாகவும் கூடாது. தேர்வு திறந்திருக்கட்டும், தேர்வர் வீட்டுக் கதவு மூடியிருக்கட்டும்!