டாக்கரே பார்த்துக்குமாம்!

"நெட்வொர்க்கையெல்லாம் தொடாதீங்க சார், டாக்கரே பார்த்துக்கும்." பல வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம். போன மாதம் ஒருவர் இதை ஸ்லைடாகவே போட்டார். கைதட்டல் வேறு.

பிரைவேட் ஐபி முகவரிகள் கொட்டிக் கிடக்கின்றனவாம். 1996-இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய அதே மூன்று வரம்புகளில்தான் உங்கள் ஆபீஸ், விபிஎன், க்ளவுட் எல்லாமே குடியிருக்கின்றன. சரி, விடுங்கள்.

அடுத்தது, "முகவரி மோதல் வராமல் டாக்கரே சோதித்துக்கொள்ளும்." சோதிக்கும்தான். எதை? அந்த மெஷினின் ரூட்டிங் டேபிளை, நெட்வொர்க் உருவாகும் அந்த நொடியில். டீஃபால்ட் கேட்வேக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஓர் இரவு வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஒரு சர்வருக்குள் நுழைந்தேன். விபிஎன் எனக்குக் கொடுத்திருந்த முகவரி 172.18-இல் தொடங்கியது. கம்போஸ் அப் என்று தட்டினேன், திரை உறைந்தது. டாக்கரின் முதல் பிரிட்ஜ் 172.17, கம்போஸ் போட்ட புதிய நெட்வொர்க்குக்கு அடுத்ததான 172.18. என் பாக்கெட்டுகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. பதில்தான் வரவில்லை. மதுரை அண்ணா நகரிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் போட, சென்னை அண்ணா நகரில் வீடு தேடிய கதை. டேட்டா சென்டரில் நைட் ஷிஃப்டில் இருந்த தம்பியைப் போனில் பிடித்தால், "சார், சர்வர் நல்லாத்தான் ஓடுது" என்கிறார். ஓடும், எல்லோருக்கும் ஓடும், எனக்கு மட்டும் ஓடாது! அவர் கீபோர்டைச் செருகி கம்போஸ் டவுன் அடித்ததும், உறைந்த திரை ஒன்றும் நடக்காததுபோல நகர்ந்தது. பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

"டீஃபால்ட்டே தாராளம்" என்பார்கள். தாராளம்தான்: மூன்று கன்டெய்னருக்கு 65,536 முகவரிகள். மூன்று பேர் சாப்பிடக் கல்யாண மண்டபம் பிடிப்பதுபோல. இப்படி அள்ளிக் கொடுத்தால் மொத்தம் 31 நெட்வொர்க்கோடு கையிருப்பு தீர்ந்துவிடும்.

மாற்றுவது சிக்கலாம். டீமன்.ஜேசன் ஃபைலில் டீஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ் என்ற இடத்தில் பேஸ் 10.200.0.0/16, சைஸ் 24 என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தால் 256 நெட்வொர்க். அந்த 10.200 காலியா என்று நெட்வொர்க் டீமிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பழைய நெட்வொர்க்குகளை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம்.

சொல்ல மறந்துவிட்டேன். ஸ்லைடு போட்டவர், டெமோவுக்கு முன்னால் தன் லேப்டாப்பில் விபிஎன்னைத் துண்டித்துவிட்டுத்தான் தொடங்கினார்.