முட்டி மாற்றிய பிறகும் சில்லு வழுக்குகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. எட்டு மாதத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. சமதரையில் நடந்தால் வலி இல்லை. வரப்பிலிருந்து இறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் முட்டிச்சில்லு வெளிப்பக்கமாக வழுக்குகிறது. 'கடக்' என்று சத்தமும் வருகிறது. எண்ணெய் போட்டு நீவிக் கட்டினால் சரியாகும் என்கிறார்கள். நவரை நடவுக்கு இறங்கலாமா?
– ஒரு வாசகர், திருக்கழுக்குன்றம் வட்டம்

பதில்: கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொடையின் முன்தசைதான் கயிறு. தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளம் கப்பி. அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குவது சில்லு. மூட்டு மாற்றும்போது இந்தப் பள்ளமும் உலோகத்தில் புதிதாகப் பொருத்தப்படுகிறது. கயிறு நழுவினால் ஒன்று இழுப்பு சரியில்லை, இல்லையென்றால் கப்பியே கோணலாக மாட்டியிருக்கிறது. எது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கினால் காசும் காலமும்தான் வீண்.

வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் இருந்தவர்களுக்குத் தொடைத் தசை வற்றிப்போயிருக்கும். சில்லின் வெளிப்பக்க நார் இறுகி அதைத் தன் பக்கம் இழுக்கும். இதுதான் காரணமென்றால் பயிற்சியிலேயே பலருக்குக் குறையும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தியபடி தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விட வேண்டும். காலை நீட்டியபடியே தூக்கி இறக்குவதும் உண்டு. எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவர் சொல்லட்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தசை தேறும். நாலு நாளில் பலன் பார்க்க இது யூரியா அல்ல.

பொருத்திய உலோகம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தால் கதை வேறு. முட்டியை மடக்கி சில்லின் நேரே எடுக்கும் எக்ஸ்ரேயில் சில்லு எங்கே நிற்கிறது என்பது தெரியும். திருப்பம் எவ்வளவு என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். திருப்பம் அதிகமென்றால் வெளிப்பக்க நாரை மட்டும் தளர்த்திப் பயனில்லை, மறு ஆபரேஷன் தேவைப்படலாம். நீவி இழுப்பதால் உள்ளே இருக்கும் உலோகம் திரும்பப் போவதில்லை. பச்சிலைக் கட்டில் தோல் புண்ணானால் கிருமி மூட்டு வரை இறங்கும் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுவது நல்லது. முடியாவிட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும். பொருத்திய மூட்டின் கம்பெனி, அளவு எழுதிய ஸ்டிக்கர் ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருக்கும். அதைத் தொலைக்கக் கூடாது, மறு ஆபரேஷன் என்றால் முதலில் கேட்பது அதைத்தான். பயிற்சிக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேட்கலாம். 2021 முதல் இத்திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

இந்த நவரைக்கு அம்மா சேற்றில் இறங்க வேண்டாம். புதைந்த காலைப் பிடுங்கும்போது முட்டி முறுக்கப்படும். மாமல்லபுரம் பக்கத்து மணலில் சவுக்குக்கும் வேர்க்கடலைக்கும் நடப்பவர்களுக்கும் இந்தச் சிரமம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து கடலை உடைப்பது, விதை பொறுக்குவது போன்ற வேலை போதும். குந்தி உட்காருவதைத் தவிர்க்க வேண்டும்.

காலை நீட்டித் தூக்கவே முடியவில்லை, முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருகிறது, தையல் இடத்தில் நீர் கசிகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.